மேலதிக வெளிநாட்டவர்

அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாயைத்தான் பார்த்தேன். பல்வைத்தியரிடம் உதவியாளராக இருப்பவளுக்கு இது புதுமையில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, முன்பற்கள் இரண்டு பாதியோடு முறிந்து, மேலுதடு தைக்கப்பட்டு வீங்கிப்போய், ஒரு நெடிய மனிதர் எங்கள் நாற்காலியில் வந்து சாய்ந்தார். நான் உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். ஊசி ஏறும்போதுகூட அவர் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கால்கள் ஓயவில்லை. வலது குதி, இடது குதி என்று மாறி மாறி நாற்காலியின் அடியில் தட்டிக்கொண்டே இருந்தன.

"வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பிறகு ஏன் கால் ஆடுகிறது?"

வாய் கொப்பளிக்க எழும்பியபோதுதான் பதில் வந்தது. "அது எப்போதும் ஆடும். நித்திரையிலும் ஆடும்."

செக் நாட்டுக்காரர். எங்கள் வைத்தியசாலை இருந்த சிறு நகரத்தின் ஐஸ் ஹொக்கிக் கழகத்துக்கு அந்த இலையுதிர்காலம் வந்து சேர்ந்த சம்பள ஆட்டக்காரர். நான் அந்த நகரத்தில் வேலை பார்த்தும் ஒருநாளாவது மைதானத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சுவிஸில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் எங்கள் சனிக்கிழமைகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் நடன வகுப்புக்கும் யாராவது ஒருவரின் பிறந்தநாள் மண்டபத்துக்கும் போய்விடும். ஐஸ் ஹொக்கி என்பது வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கதைக்கிற விஷயம். பனிச்சறுக்கு விடுமுறை மாதிரி, எங்கள் வீட்டுக்குள் வராத ஒன்று.

தற்காலிகப் பல் வைத்து அனுப்பினோம். அதே மாதத்தில் அதையும் உடைத்துக்கொண்டு வந்தார். வைத்தியர் சிரித்துவிட்டார். போகும்போது அவர் வரவேற்பு மேசையருகே நின்று, கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக, "நான் எப்படிப் பல்லை உடைக்கிறேன் என்று நீங்கள் ஒருமுறை வந்து பார்க்கலாமே" என்றார். அழைப்பு அவ்வளவுதான். நான் போனேன்.

முதல் ஆட்டத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கறுப்பு ரப்பர் வட்டு எங்கே போகிறது என்று கண் பிடிப்பதற்குள் சனம் கத்தி முடித்துவிடும். எனக்குப் பிடிபட்டது ஒன்றேயொன்று. ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடம்கூடத் தொடர்ந்து களத்தில் நிற்பதில்லை. மூச்சு முட்ட ஓடுகிறார்கள், பலகைத் தடுப்புக்கு மேலால் பாய்ந்து ஓரத்தில் கிடக்கும் நீள வாங்கில் விழுகிறார்கள், அதே நேரத்தில் வேறு ஐந்து பேர் அங்கிருந்து குதிக்கிறார்கள். ஆட்டம் நிற்காமல் ஆட்கள் மாறுகிறார்கள். அவர் மட்டும் வாங்கில் இருக்கவில்லை. தடுப்பைப் பிடித்தபடி, ஒரு கால் ஏற்கெனவே மேலே போட்ட மாதிரி, எப்போது கூப்பிடுவார்கள் என்று பயிற்சியாளரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். குளிரில் என் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. ஆனாலும் எழும்பிப் போக மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் விரித்து எழுதத் தேவையில்லை. ஒரு வருடம் கழித்து, இவரைத்தான் கட்டப்போகிறேன் என்று எம்மன்புரூக்கேயில் இருக்கும் அப்பா அம்மாவிடம் சொன்னேன். இனி இவர் என்றால் அவர்தான். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனை அப்படித்தான் சொல்வது.

அம்மா குசினிக்குள் போய், அடுப்பை நிறுத்திவிட்டு வந்தார்.

"வெள்ளைக்காரன் எண்டதைக்கூட விடு பிள்ளை. பல்லில்லாத மாப்பிள்ளையை நான் எப்பிடி ஆக்களுக்குக் காட்டுறது?"

"பல் இருக்கம்மா. நாங்கள்தான் வைச்சுவிட்டது."

அப்பா தொழிற்சாலையில் இரவுமுறை முடித்து, குளித்து, கூடத்துக் கதிரையில் இருந்தார். அவர் கேட்டது வேறு.

"எத்தினை வருஷத்துக்கு வேலை எழுதியிருக்கினம்?"

"ஒரு வருஷம்."

"அதுக்குப் பிறகு?"

"நல்லா விளையாடினா நீட்டுவினம்."

"இல்லாட்டி?"

அப்பா தலையைத் தடவிக்கொண்டு யன்னலைப் பார்த்தார். அகதியாக வந்த காலத்தில் விசா முடிகிற மாதம் நெருங்கினால் அவர் சாப்பாட்டைக் குறைத்துவிடுவாராம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். "வருஷத்துக்கொருக்கா நீட்டுறது என்னெண்டு எனக்குத் தெரியும்" என்றார். "அதுக்காகத்தான் உன்னை இஞ்சை படிப்பிச்சது. நீ திரும்பியும் அதுக்குள்ளை போறியோ?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கலியாணம் நடந்தது, திரிம்பாக் கோயிலில், போட்டிகள் இல்லாத கோடையில். மணவறையில் சப்பாணி கட்டி இருக்க இவரால் முடியவில்லை. முழங்கால் இரண்டும் எத்தனையோ தரம் அடிபட்டவை. ஐயர் பார்த்துவிட்டு ஒரு சின்ன முக்காலி கொண்டுவரச் சொன்னார். முக்காலியில் இருந்தபடியும் கால் ஆடியது. பின்னால் நின்ற என் தோழிகள் சிரித்ததில் தாலி கட்டும் படத்தில் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இவருடைய கதையை அப்போதுதான் துண்டு துண்டாகக் கேட்டு ஒழுங்குபடுத்தினேன். மொராவியாவில் ஒரு சிறு தொழிற்சாலை நகரம். தகப்பன் பஸ் சாரதி. நடக்கத் தொடங்கியதும் சறுக்குச் சப்பாத்து. பதினேழு வயதில் சொந்த ஊர்க் கழகத்தின் பெரியவர்கள் அணியில் இடம். இருபதில் நாட்டின் பெரிய கழகம் ஒன்று வாங்கியது. அங்கே இரண்டு வருடம், பிறகு கடன் கொடுத்தது மாதிரி ஸ்லொவாக்கியாவுக்கு. தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை. ஒரு பனிக்காலம் அமெரிக்காவில், யாரும் பெயர் கேள்விப்படாத ஊர்களுக்கிடையே பஸ்ஸில். பிறகு பின்லாந்து. பிறகு ஜெர்மனியின் இரண்டாம் பிரிவு. பிறகு நாங்கள்.

"எந்த ஊர் பிடித்தது?" என்று கேட்டேன். எங்களுக்குள் பேச்சு ஜெர்மனில்தான்; தமிழில் எழுதுகிறேன்.

"எல்லா ஊரிலும் எனக்கு மைதானத்துக்குப் போகிற வழியும் சுப்பர்மார்க்கெட்டும்தான் தெரியும்" என்றார்.

எங்கள் வாழ்க்கையும் அப்படித்தான் ஆனது. ஐஸ் ஹொக்கி வீட்டில் வருடம் ஜனவரியில் தொடங்குவதில்லை. இலையுதிர்காலத்தில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஏப்ரல் என்பது தொலைபேசியின் மாதம். கழகம் தேடித்தரும் முகவர் கூப்பிடுவார், அல்லது கூப்பிட மாட்டார். அந்த மாதத்தில் இவர் வீட்டுக்குள் நடப்பார். கூடத்திலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து பல்கனிக்கு. நான் சோறு போட்டுக் கூப்பிட்டால் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்று சாப்பிடுவார். தொலைபேசி மேசையில் அதிர்ந்தால் இருவரும் ஒரே நேரத்தில் திரும்புவோம். பெரும்பாலும் என் அம்மாவாக இருக்கும்.

"என்ன பிள்ளை, ஏதும் சரிவந்ததோ?"

"இல்லையம்மா. லைனை விடுங்கோ, ஆரும் எடுக்கக்கூடும்."

முதல் கழகம் ஒருமுறை நீட்டியது. பிறகு கிழக்கே, போடன் ஏரிப் பக்கம் ஒரு கழகம். பிறகு மத்தியில் ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் கழகம் ஒரு வீடு தரும், தளபாடத்தோடு. யாரோ வாங்கிய சோபா, யாரோ தெரிந்தெடுத்த திரைச்சீலை. நான் ஒவ்வொரு ஊரிலும் பல்வைத்தியர்களுக்கு விண்ணப்பம் எழுதி, ஒவ்வொரு ஊரின் சுவிஸ் ஜெர்மனையும் காதுக்குப் பழக்கி, தமிழ்க் கடை எங்கே என்று தேடினேன். சமையல் சாமான்களில் அம்மியும் இடியப்ப உரலும் மட்டும் என்னுடையவை. மீதியெல்லாம் அந்தந்த ஊருக்குச் சொந்தம். மகள் பிறந்தது மூன்றாவது ஊரில். அவள் தவழப் பழகிய நிலத்தையும் அடுத்த வருடம் விட்டுவிட்டு வந்தோம்.

சொல்லப்போனால் அந்த வருடங்கள் எனக்குப் பிடித்திருந்தன என்பதையும் எழுதத்தான் வேண்டும். அம்மாவிடம் எல்லாவற்றையும் குறையாகச் சொன்னாலும், சாமான் கட்டும் நாளின் காலையில் எனக்குள் ஒரு துடிப்பு இருக்கும். வெறும் அறையில் குரல் எதிரொலிக்கும்போது, இனி என்ன என்று ஒரு சிறு பயமும் ஆசையும் சேர்ந்து வரும்.

நான்காவது கழகத்தில்தான் பிரச்சினை தொடங்கியது. இவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. இந்த நாட்டின் இரண்டாம் பிரிவில் ஒரு ஆட்டத்தில் இரண்டு வெளிநாட்டவர்தான் இறங்கலாம் என்று அந்த நாளில் விதி. ஆகவே வெளிநாட்டவன் சும்மா நன்றாக ஆடினால் போதாது. உள்ளூர்ப் பிள்ளைகள் அடிக்காத கோலை அவன் அடிக்க வேண்டும். அதற்குத்தான் அவனைக் கொண்டுவருவது. அந்த இலையுதிர்காலம் இவர் அடித்ததெல்லாம் கம்பத்தில் பட்டது, கோல் காவலரின் காலில் பட்டது, ஒருமுறை நடுவரின் முதுகிலும் பட்டது. வலைக்குள் மட்டும் போகவில்லை. நவம்பரில் கழகம் சுவீடனிலிருந்து ஒரு இளைஞனைக் கொண்டுவந்தது. இப்போது வெளிநாட்டவர் மூன்று பேர்.

இந்த மூன்றாவது ஆளுக்கு சுவிஸ் பத்திரிகைகளில் ஒரு சொல் உண்டு. ஊபர்ட்ஸேலிக். கணக்குக்கு மேலே நிற்கிறவர், தேவைக்கு மிஞ்சியவர். மேலதிக வெளிநாட்டவர். விளையாட்டுப் பக்கத்தில் இவருடைய பெயருக்கு அருகில், அடைப்புக்குறிக்குள், காயம் என்றோ சுகவீனம் என்றோ எழுதுகிற இடத்தில் அதை எழுதுவார்கள். எழுதுகிறவருக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. நான் அதைக் காலைத் தேநீரோடு வாசித்தேன். வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்துக் கழிவுக் கடதாசிக் கட்டுக்குள் வைத்தேன். இவர் முதலே வாசித்திருந்தார்.

அப்பாவும் வாசித்திருந்தார். ஆட்டம் விளங்காவிட்டாலும் மருமகனின் பெயர் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் வேலையிடத்துப் பத்திரிகையைப் பார்ப்பது அவருடைய வழக்கம்.

"பிள்ளை, இது என்ன சொல் போட்டிருக்கிறாங்கள்?" தொலைபேசியில் குரல் வெடித்தது.

"அது சும்மா விளையாட்டுச் சொல்லப்பா. மூண்டு பேரிலை ஒராள் வெளியிலை இருக்க வேணும்."

"வெளிநாட்டவர், மிச்சம். இப்பிடி எழுதலாமோ? எத்தினை வருஷமா இஞ்சை இருக்கிறார்? என்ரை மகளைக் கட்டியிருக்கிறார்."

"கட்டினதுக்கும் விளையாடுற லைசென்சுக்கும் சம்பந்தமில்லையப்பா."

"நான் வாறன்" என்றார். "எந்த நாள் மட்ச்?"

சனிக்கிழமை பின்னேரம் வந்து இறங்கினார். மயிர்த்தொப்பி, தடித்த கையுறை, அம்மா கட்டிக்கொடுத்த மிக்சர் பை. இவ்வளவு வருடத்தில் அவர் மைதானத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை, மருமகன் விளையாடாத ஒரு நாளில். வெளியே இருக்கிற ஆட்டக்காரர் கோட்டும் டையும் கட்டி மேல்வரிசையில் இருக்க வேண்டும் என்பது கழகத்தின் வழக்கம். கலியாணத்துக்கு அப்பா தைப்பித்துக் கொடுத்த அதே கோட்டில் இவர் இருந்தார். நானும் அப்பாவும் இரு பக்கமும், மகள் என் மடியில்.

சுவீடன்காரன் முதல் பகுதியிலேயே ஒரு கோல் போட்டான். மைதானம் எழும்பியது. இவரும் எழும்பிக் கைதட்டினார். உண்மையாகவே தட்டினார், நான் கையைப் பார்த்தேன். இருந்த பிறகுதான் முழங்கால் ஆடத் தொடங்கியது. முன்வரிசைக் கதிரை அதிர்ந்து, அதிலிருந்த மனிதர் திரும்பிப் பார்த்தார்.

"மாமா" என்றார் இவர். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு மீதியை ஜெர்மனில் சொல்வார். "குளிர்கிறதா?"

"எனக்கு விசர்தான் வருது" என்றார் அப்பா தமிழில். பிறகு தன்னுடைய தொழிற்சாலை ஜெர்மனுக்கு மாறினார். "எவ்வளவு காலம் நீர் இப்பிடி மேலே இருக்க வேணும்?"

"அவர்களில் ஒருவன் விழும்வரைக்கும்."

"விழாவிட்டால்?"

"அப்படியே."

அப்பா சட்டென்று எழும்பினார். "அந்த ட்ரெயினர் எங்கை நிக்கிறவர்? நான் போய்க் கதைக்கட்டோ?"

"அப்பா, இருங்கோ!" நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். இவருக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. "மாமா, வாருங்கள், நடப்போம்" என்றார். இரண்டு பேரும் எழும்பிப் போனார்கள். இரண்டாம் பகுதி முழுக்க, கோட்டும் டையும் கட்டிய நெடியவரும் மயிர்த்தொப்பி போட்ட குட்டையானவரும் மேல்வரிசைக்குப் பின்னால் இருந்த நடைபாதையில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மிக்சர் பை கை மாறுவதை எதிர்ப்பக்கத்திலிருந்து கண்டேன். என்ன கதைத்தார்கள் என்று பிறகு கேட்டதற்கு, "ஒண்டும் கதைக்கேல்லை. உந்த மனுசனுக்கு இருக்க ஏலாது, எனக்கும் ஏலாது" என்றார் அப்பா.

ஜனவரியில், சுவீடன்காரனோடு ஆடிய மற்ற வெளிநாட்டவருக்கு இடுப்புத் தசை பிடித்துக்கொண்டது. இவர் மேலிருந்து கீழே இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். நான் வேலையிடத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தால் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஏப்ரல் பற்றி யாரும் பேசவில்லை.

அது நடந்த ஞாயிறு நானும் மகளும் அங்கேதான் இருந்தோம். வட்டு மூலைக்குள் போனது. இவர் அதைத் துரத்திக்கொண்டு போய், தடுப்புக்கு முகத்தைக் காட்டிக் குனிந்தார். எதிரணிக்காரர் பின்னாலிருந்து வந்தார். வேண்டுமென்று செய்ததில்லை, நிறுத்த முடியாத வேகம். சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும் என்று எழுத மாட்டேன், ஏனென்றால் நான் சத்தத்தைக் கேட்கவே இல்லை. பனியில் கால்கள் நீட்டியபடி கிடந்ததை மட்டும் கண்டேன். இரண்டு கால்களும் ஆடவில்லை. அப்போதுதான் நான் கதிரைகளுக்கு மேலால் ஏறிக் கீழே ஓடத் தொடங்கினேன்.

மூளை அதிர்ச்சி. கழுத்து தப்பியது. வெளிச்சம் வேண்டாம், தொலைக்காட்சி வேண்டாம், தொலைபேசி வேண்டாம், வாசிக்க வேண்டாம், படுத்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். ஒரே இடத்தில் இருக்கத் தெரியாத மனிதரை இருட்டறையில் படுக்கவைத்தோம். யன்னல் ஷட்டரை இறக்கி, இடைவெளியில் நான் கறுப்புச் சேலை ஒன்றைத் தொங்கவிட்டேன். மகள் சத்தம் போட்டால் தலை பிளக்கும். அவளை அம்மா எம்மன்புரூக்கேக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அரை நாள் வேலைக்குப் போய் வந்து, கதவைத் திறக்கும்போது சுவரைத் தடவும் சத்தம் கேட்கும். இருட்டில், ஒரு கையைச் சுவரில் வைத்து, கட்டிலைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருப்பார்.

"படு" என்பேன்.

"படுத்தால் கட்டில் சுற்றுகிறது. நடந்தால் நான் சுற்றுகிறேன். அது பரவாயில்லை."

சில நாள் நான் சொன்ன சொல்லை அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். ஒருநாள் என்னை செக் மொழியில் ஏதோ கேட்டார்; விளங்கவில்லை என்று நான் சொன்னபோது, நான்தான் பிழை விட்டதுபோல் எரிந்து விழுந்தார். பிறகு அழுதார். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

வசந்தம் வந்தபோது தலைவலி விட்டது. கழகம் நீட்டவில்லை, அவர்களிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, கடைசி மாதம்வரை நன்றாகவே நடந்துகொண்டார்கள். வைத்தியர் தெளிவாகச் சொன்னார்: விளையாடக்கூடாது என்று தடுக்க முடியாது. ஆனால் இன்னொரு அடி இப்படிப் பட்டால் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது.

எங்கள் ஏப்ரல் வந்தது. நான் இந்தமுறை தொலைபேசி வரக்கூடாது என்று நினைத்தேன். வந்தது. முகவர் அல்ல, இவருடைய சொந்த ஊர்க் கழகம். இப்போது மூன்றாம் பிரிவில் கிடக்கிறது, ஒரு வருடம் வந்து விளையாடு, தொடங்கின இடத்தில் முடித்துவிட்டுப் போ என்று கேட்டார்கள். இவர் பல்கனியில் நின்று செக்கில் பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். முதுகைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டேன்.

"வைத்தியர் சொன்னது உனக்குக் கேட்டதா?"

"கேட்டது."

"பிறகு?"

"நான் கடைசியாகச் செய்தது இருட்டில் படுத்திருந்தது. அதோடு முடிக்க எனக்கு விருப்பமில்லை."

"உனக்குப் பிள்ளை இருக்கிறாள்."

"தெரியும்."

"தெரியாது! உனக்கு உன் காலைத் தவிர ஒன்றும் தெரியாது." நான் தமிழுக்கு மாறிவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு ஜெர்மன் காணாது. இவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஆரே ஆற்றுப்பக்கம் நடக்கப் போய்விட்டார். பொழுது பட்டுத்தான் வந்தார். அடுத்த இரண்டு மூன்று நாட்கள் மகளைப் பற்றி மட்டும் கதைத்தோம்.

கடைசியில் நான்தான் ஓம் என்றேன். இவரை நம்பியதால் அல்ல. வீட்டில் அடைத்துவைத்தால் என்ன ஆவார் என்று இருட்டறையில் பார்த்திருந்தேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்: நாங்களும் வருவோம், நான் பார்ப்பேன்.

கோடை முடியும் நேரம் அந்த மொராவிய நகரத்துக்குப் போனோம். மாமனார் பஸ் நிலையத்துக்கே வந்து மகளைத் தூக்கிக்கொண்டார். எனக்கும் மாமிக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. மாவுருண்டையும் ரசமும் பரிமாறிக்கொண்டோம். ஊரில் எல்லோருக்கும் இவரைத் தெரிந்திருந்தது. வெதுப்பகத்துப் பெண் காசு வாங்க மறுத்தாள். பயிற்சி முழுக்க இவர் இளைஞனைப்போல் ஓடினார். நான் கவலைப்பட்டது வீண் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

முதல் சிநேகபூர்வ ஆட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். பழைய மண்டபம், மரக் கதிரைகள், ஊரே வந்திருந்தது. இரண்டாம் பகுதியில் வட்டு மூலைக்குள் போனது. இவர் துரத்திப் போனார். பின்னால் எதிரணிக்காரன் ஒருவன் வந்தான், அவ்வளவு வேகமும் இல்லை. இவர் வட்டைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால், தோளைத் திருப்பி, பக்கத்துக்கு விலகினார். வட்டை அவன் எடுத்துக்கொண்டு போனான். சனத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாமனார் கவனித்தார், அவர் கை என் கையின் மேல் வந்து விழுந்தது.

இவர் தடுப்பைத் தாண்டி வாங்குக்குப் போய் இருந்தார். நிற்கவில்லை, இருந்தார். அடுத்தமுறை கூப்பிட்டபோது எழும்பிப் போய்ப் பயிற்சியாளரின் காதில் ஏதோ சொன்னார். மீதி ஆட்டத்துக்கு இறங்கவே இல்லை.

முடிந்தபின் நான் உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே நின்றேன். வியர்வையோடு, சறுக்குச் சப்பாத்தைக் கழற்றாமல் வந்தார்.

"விலகிவிட்டேன்" என்றார்.

"பார்த்தேன்."

"நான் நினைத்துச் செய்யவில்லை. உடம்பே விலகியது. இருபது வருடத்தில் ஒருநாளும் நான்..." முகத்தைத் துடைத்தார். "பயந்தவன் அந்த மூலைக்குள் போகக்கூடாது. அவனுக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் ஆபத்து. சொல்லிவிட்டேன்."

நான் சந்தோஷப்பட வேண்டும் என்று காத்திருந்த கணம் அது. கட்டிப் பிடித்தபோது சந்தோஷம் வரவில்லை. ஈரமான துணி, இரும்பு மணம், என்னைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கும் ஒரு மனிதரின் நடுக்கம். பிரியாவிடை, பூச்செண்டு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிழமை ரயிலில் சுவிஸுக்குத் திரும்பினோம்.

பிறகு ஒரு கெட்ட பனிக்காலம். லாங்கன்தாலில் ஒரு வாடகை வீடு எடுத்தோம். கழகம் தராத, நாங்களே பிடித்த முதல் வீடு. எனக்கு வேலை கிடைத்தது, இவருக்கு இல்லை. மகளைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு நகரம் முழுக்க நடப்பார். வேலைத் தேடல் அலுவலகத்தில் தொழில் என்ன என்று கேட்டதற்கு இவர் சொன்ன பதிலைக் கேட்டு அந்தப் பெண், "சரி, வேறு என்ன தெரியும்?" என்றாளாம். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறாள். இவர் அதை என்னிடம் சொல்லிவிட்டு நடக்கப் போய்விட்டார்.

பழைய கழகத்து நண்பர் ஒருவரின் தமையன் வீடு மாற்றிக்கொடுக்கும் கம்பெனி நடத்துகிறவர். ஒருநாள் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார். இவர் போய் ஒரு பியானோவை மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டு வந்தார். அடுத்த நாளும் போனார். இப்போது அங்கே நிரந்தரம்; லொறிக்கும் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் வேறொரு படிக்கட்டு, வேறொரு ஆட்களின் அலுமாரி. பின்னேரம் வீட்டுக்கு வந்து, குளித்து, சோபாவில் சாய்ந்தால் அப்படியே நித்திரை. ஒருநாள் நான் அருகில் நின்று பார்த்தேன். கால்கள் சும்மா கிடந்தன.

எல்லோரும் இத்தோடு சரி என்றார்கள். அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. "இப்பதான் பிள்ளை எனக்கு வடிவா நித்திரை வருது" என்றார்.

எனக்குத்தான் வரவில்லை. மார்ச் மாதம் பிறந்ததும் என் உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. சோபா இவ்வளவு நாளாக ஒரே இடத்தில் கிடக்கிறதே என்று இருந்தது. யாருக்கும் சொல்லாமல் தொலைபேசியில் கூர், பீல், ஷாஃப்ஹவுசன் என்று வேறு ஊர்களின் வீட்டு விளம்பரங்கள் பார்த்தேன். ஒரு ஞாயிறு, நான் அனுப்பியிருந்த விண்ணப்பத்துக்குக் கூரில் ஒரு பல்வைத்தியரிடமிருந்து வேலை தருவதாகப் பதிலும் வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்.

இவர் கரண்டியை வைத்தார். "ஏன்? இங்கே என்ன குறை?"

"குறையில்லை."

"பிறகு?"

"ஏப்ரல் வரப்போகிறது."

சிரிப்பார் என்று நினைத்தேன். "எனக்குப் போக விருப்பமில்லை" என்றார். இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "மகளுக்கு இங்கே ஒரு சிநேகிதி இருக்கிறாள். எனக்கு வெதுப்பகத்துக்காரனின் பெயர் தெரியும். நான் இருக்கப் போகிறேன்."

நான் எழும்பிக் கூடத்துக்குப் போனேன், குசினிக்கு வந்தேன், பல்கனிக் கதவைத் திறந்து மூடினேன். மகள், "அம்மா ஏன் நடக்கிறா?" என்று கேட்டாள். இவர் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். கையாலேயே பிசைந்தார், என் அம்மா பழக்கிவிட்டது.

கூருக்கு வரவில்லை என்று மறுநாள் எழுதிவிட்டேன். ஆனால் ஆசை அடங்கவில்லை. அதை நான் அடக்கவும் விரும்பவில்லை. இவருடைய காலைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்ததில் எனக்கும் ஒரு கால் முளைத்துவிட்டது போலிருக்கிறது, அல்லது அது முதலிலிருந்தே இருந்து நான்தான் இவருடையது என்று நினைத்துக்கொண்டேனோ தெரியவில்லை. கோடையில், வாய்ச் சுகாதார நிபுணர் படிப்புக்குப் பேர்ணில் விண்ணப்பித்தேன். ஒரே ஊரில் மூன்று வருடம் இருக்க வேண்டிய படிப்பு. அப்படி மூன்று வருடம் எங்களிடம் முன்பு இருந்ததில்லை. இடம் கிடைத்தது. கிழமையில் பாதி நாட்கள் விடியற்காலை ரயில்.

இப்போது காலையில் இவர்தான் மகளின் தலையைப் பின்னுகிறார். பின்னல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நான் நின்றபடி தேநீர் குடித்துவிட்டுப் படியிறங்குகிறேன். ரயிலில் இருக்கை இருந்தாலும் நான் இருப்பதில்லை. கதவோரம் நின்று, வயல்களும் தொழிற்சாலைக் கூரைகளும் பின்னால் ஓடுவதைப் பார்க்கிறேன். பேர்ண் வருவதற்கு முன்னமே கையைக் கதவுப் பொத்தானில் வைத்துவிடுகிறேன்.